நடுவில் ஒரு வெறுங்கல்

நினைவுக் கல் பதித்த அன்று நின்றவர்கள்: கழுத்தில் சங்கிலி போட்ட துணை மேயர். அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், மழை பெய்யவில்லை. நகரசபையில் நினைவுப் பணிகளைப் பார்க்கிற அதிகாரி, கையில் கோப்பு. இனி அவரைக் கோப்புக்காரர் என்றே எழுதுகிறேன். வயலின் வாசிக்க ஒரு பெண். பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒருவர். ஆசிரியர் சங்கத்திலிருந்து மூன்று பேர். பின்னால் இருக்கும் கார் தரிப்பிடத்தின் மனேச்சர்; அவர் அஞ்சலிக்கு வரவில்லை, தன் வாசல் எப்போது திறக்கும் என்று பார்க்க வந்தவர். யூத சபையிலிருந்து தொப்பி போட்ட ஒரு முதியவர். இங்கிலாந்திலிருந்து வந்த ரூத் என்ற எண்பத்தாறு வயது அம்மா. அவருடைய மகள். எனக்குத் தொழில் பழக்கிய மைஸ்டர் குரூகர். நான்.

பதினான்கு பேர். அதில் முழங்காலில் நின்றவர்கள் இரண்டு பேர்.

நான் பென்சன் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. என் இடத்துக்கு வந்த மேற்பார்வையாளர் போன மாதம் டெலிபோன் எடுத்தாள். அன்று நாங்கள் நின்ற நடைபாதையைக் கிளறிப் புதுச் சிமெந்துத் தட்டுப் போடப் போகிறார்களாம். இப்போது நகரசபை சொந்தமாகக் கல் பதிப்பதில்லை; கொன்ட்ராக்ட் கொடுத்துவிடுகிறது. வருகிறவர்கள் பசை பூசி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். "நாதன், அந்த ஏழு கல்லையும் எப்பிடிக் கிளப்பிறது?" என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஆட்களிலும் சிலர் றோட்டு வேலையில் இருக்கிறார்கள், தெரிந்திருக்கட்டும்.

நான் இருப்பது டோர்ட்மண்டில். வேலை செய்தது பக்கத்து நகரம் ஒன்றில். பெயர் எழுதவில்லை. எழுதினால் காரியாலயத்தில் ஒருவருக்கு வியர்க்கும்.

யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டேன். வாத்திமாரிடம் அடி வாங்கியது நினைவிருக்கிறது, பாடம் நினைவில்லை. இங்கே வந்து ஆறு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த ஆறு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடதாசி வரும்: இருக்கலாம், அல்லது போ. கடதாசியைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம் அப்போது வந்தது. விசா சரியானதும் நகரசபையின் றோட்டுப் பிரிவில் சேர்ந்தேன். மண் அள்ளினேன், கல் சுமந்தேன். பிறகு குரூகரின் கீழ் கல் பதிக்கப் பழகினேன். அதைப் பழக நான்கு வருடம் எடுத்தது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

குரூகரைப் பற்றிச் சொல்லலாம். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு நாளுக்கு இருபது சொல் பேசுவார், அதில் பத்து ஏச்சு. முழங்காலுக்குத் தடுப்புக் கட்டமாட்டார். கட்டினால் நிலம் தெரியாதாம். பதித்த ஒவ்வொரு கல்லையும் சுத்தியல் பிடியால் ஒருமுறை தட்டிக் காது கொடுப்பார். கீழே வெற்றிடம் இருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுத்தால் கல்லைக் கிளப்பச் சொல்வார். மதியம் ஒரு மணியோ, மழையோ, அவருக்குக் கவலையில்லை.

"கல்லு பொய் சொல்லாது. பொய் சொல்லுறது நீ" என்பார்.

நினைவுக் கல் வேலை எங்களுக்கு வந்தது இப்படித்தான். அந்தத் தரிப்பிடம் இருக்கிற இடத்தில் முன்பு யூதப் பிள்ளைகளின் பாடசாலை இருந்தது. நாஸிகள் அதை மூடினார்கள். படிப்பித்தவர்களையும் மிச்சமிருந்த பிள்ளைகளையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பாடசாலையை இடித்து, பிறகு கார் விட இடம் கட்டினார்கள். எழுபது வருடம் கழித்து அந்த ஆசிரியர்களுக்கு வாசலில் கல் வைக்க நகரசபைக்கு யோசனை வந்தது. எழுபது வருடம். ஒரு நடைபாதைக்கு அனுமதி கொடுக்கவே இவர்களுக்கு மூன்று வருடம் தேவை என்பதால் நான் அதிசயப்படவில்லை.

கல் பத்துச் சென்ரிமீற்றர் சதுரம், பத்து உயரம். சிமெந்துக் கட்டி. தலையில் பித்தளைத் தகடு. தகட்டில் பெயர், பிறந்த வருடம், கொண்டுபோன நாள், கொன்ற இடம். செய்கிறவர்கள் வேறு ஊரில் ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அடித்துச் செய்கிறார்கள். அதனால் ஒரு கல் கேட்டால் வர ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். எங்களுக்குப் பெட்டியில் வரும்.

பதிக்கிற முறை குரூகருடையது. முதல் நாளே குழி வெட்ட வேண்டும். கீழே சல்லி, அதன் மேல் நொறுக்கிய கல்மணல், இடித்து இறுக்க வேண்டும். பிறகு பழைய கல்லையே தற்காலிகமாக வைத்து மூட வேண்டும். மறுநாள் விழாவில் மூடியைத் தூக்கி, கல்லை இறக்கி, பித்தளை மேல் மரத்துண்டு வைத்து றப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். மட்டம் பக்கத்துக் கல்லோடு ஒன்றாக இருக்க வேண்டும். உயர்ந்தால் ஆள் விழும், தாழ்ந்தால் தண்ணீர் நிற்கும். எல்லாம் ஆறு நிமிடம். "பேசுறவைக்கு நேரம் வேணும், எங்களுக்கு வேண்டாம்" என்பார்.

அன்று எங்கள் கடதாசியில் ஆறு கல். மேலே மூன்று, கீழே மூன்று. குழியும் அந்த அளவு.

துணை மேயர் பேசினார். நல்ல கடதாசி, பெரிய எழுத்து. கண்ணாடி இல்லாமல் வாசித்தார். "ஒருவரையும் நாங்கள் மறக்கமாட்டோம். ஒரு பெயர்கூட விடுபடாது" என்று முடித்தார். வயலின் வாசித்தார்கள். ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். படக்காரர் தவறவிட்டதால் இன்னொருமுறை துடைத்தார்.

நாங்கள் மூடியைத் தூக்கினோம். குரூகர் முதல் கல்லைக் கையில் எடுத்தார். அப்போதுதான் ரூத் அம்மா பேசினார். இங்கிலாந்தில் எழுபது வருடம் இருந்தவர். ஆனாலும் ஜெர்மன் பிசகவில்லை.

"இது ஆறு. லேவி ரீச்சர் எங்க?"

கோப்புக்காரர் குனிந்தார். "யார் அம்மா?"

"லேவி ரீச்சர். தையலும் உடற்பயிற்சியும் படிப்பிச்சவ. ஏழு பேர் இருந்தவை."

கோப்பைப் புரட்டினார். புரட்டும்போதே தெரிந்தது, அதில் இருக்காது என்று. "நியமனப் பட்டியலிலை ஆறு பேர்தான் இருக்கு."

"அவவுக்கு நியமனம் இல்லை. மணித்தியாலத்துக்கு வாறவ. பட்டியலிலை எப்பிடி இருக்கும்?"

"அப்ப நீங்கள் ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், போடலாம். சான்று இருந்தா பரிசீலிப்பம். ஒரு மூன்று வருஷம் எடுக்கும்."

"எனக்கு எண்பத்தாறு" என்றார் ரூத் அம்மா.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். உண்மையாக. பேனா எடுத்துக் குறித்தார்.

ரூத் அம்மா கைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்தார். பாடசாலை வாசலில் ஏழு பேர். நடுவில் ஒரு கட்டையான பெண், முகத்தைச் சுழித்துக்கொண்டு நிற்கிறாள். "இவதான். நல்ல ரீச்சர் இல்லை. கிள்ளுவா. எங்களுக்கு அவவைக் கண்ணிலை காட்டக்கூடாது. சண்டைக்கு முந்திப் பிள்ளையளைத் தப்ப வைச்ச ரயிலிலை நான் இங்கிலாந்து போனன். தங்கச்சி சின்னன், போகேல்லை. தங்கச்சியின்ர கடைசிக் கடிதத்திலை இருக்கு, மற்ற ரீச்சர்மாரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள், இப்ப லேவி ரீச்சர்தான் எல்லாம் படிப்பிக்கிறா எண்டு. நாளைக்குப் பயணம், அவ எங்களோட வாறா எண்டு."

படத்தை எல்லாரும் பார்த்தார்கள். துணை மேயர் மணிக்கூட்டைப் பார்த்தார்; அவருக்கு அடுத்த டெர்மின், போகவேண்டிய இன்னொரு கூட்டம், இருந்தது.

குரூகர் கையில் இருந்த கல்லைப் பெட்டியில் திரும்ப வைத்தார். என்னிடம் சொன்னார்: "குழியை மூடு. ஒரே வரிசை. ஏழு."

"மைஸ்டர், கல்லு ஆறுதானே."

"லொறியிலை பத்துச் சைஸ் கருங்கல் கிடக்கு. நல்லதா ஒண்டு கொண்டு வா."

நான் போய்க் கொண்டுவந்தேன். புதுக் குழி வெட்டினோம். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி, மறுபக்கம் தரிப்பிடத்துக்கு இறங்குகிற கொங்கிறீற். இரண்டுக்கும் நடுவில் ஏழு கல் சரியாகக் கொள்ளும், எட்டாவது கொள்ளாது. ஆறு நிமிட வேலை ஐம்பது நிமிடம் ஆனது. வயலின் பெண் தனக்குத் தெரிந்ததெல்லாம் வாசித்து முடித்துவிட்டாள். மனேச்சர் இரண்டு முறை இருமினார். துணை மேயர் குடைக்காரரோடு போய்விட்டார். குரூகர் தலை நிமிரவில்லை. மூன்று பித்தளை, நடுவில் கருங்கல், மூன்று பித்தளை.

முடிந்ததும் வழக்கப்படி ஒவ்வொன்றாகத் தட்டினார். பித்தளைக்கு ஒரு சத்தம். நடுவில் மட்டும் மொத்தையாக விழுந்தது. ரூத் அம்மா அதைக் கேட்டார்.

"அது வெறுங்கல்லு."

"இடம் பிடிச்சு வைச்சிருக்கு" என்றார் குரூகர். "சாந்து போடேல்லை, மணல்தான். இரண்டு விரலாலை கிளப்பலாம். நீங்கள் அன்ட்ராக்கைப் போடுங்கோ, பேர்க் கல்லு வந்தா மாத்தலாம்."

அவர்கள் போன பிறகு காகிதக் கோப்பைகளை நாங்கள் பொறுக்கினோம். பித்தளையில் மெழுகுதிரி உருகி வடிந்திருந்தது, அதையும் சுரண்டினோம். மறக்கமாட்டோம் என்று சொன்னவர் தன் கையுறையை மறந்துபோயிருந்தார்.

இனி என் பங்கு.

ஐந்து மாதம் கழித்து குரூகருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடதாசி வந்தது. நடைபாதையில் ஆடுகிற கல் ஒன்று இருப்பதாகத் தரிப்பிட மனேச்சர் முறையிட்டிருக்கிறார். ஆள் விழ வாய்ப்புண்டு. வெள்ளிக்கிழமைக்குள் நிரந்தரமாகப் பொருத்தவும். கீழே முத்திரை, கையெழுத்து. யாருடைய கையெழுத்து? கோப்புக்காரருடையது. அந்தக் கல் ஏன் ஆடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்த ஆள்.

ஒரு டெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தரிப்பு தூரம், போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. முத்திரை இருந்தது. இரண்டு கலவைப் பிசின் சாந்து கொண்டுபோய் ஏழு கல்லுக்கும் நடுவில் நிரப்பினேன். கார் ஏறினாலும் அசையாத சாந்து. ஓரங்களை ஈரப் பஞ்சால் துடைத்தேன். படம் எடுத்துக் காரியாலயத்துக்கு அனுப்பினேன். "நன்றி, சிறந்த வேலை" என்று பதில் வந்தது. முப்பது வருடத்தில் காரியாலயம் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அதுவும் இதற்கு.

குரூகர் ஊன்றுகோலோடு வந்தார். சப்பாத்து முனையால் நடுக்கல்லை உதைத்துப் பார்த்தார்.

"ஆர் பூசினது?"

"நான். கடதாசி வந்தது, மைஸ்டர்."

"கடதாசி" என்றார். "நல்ல சுத்தமான வேலை. கதவைப் பூட்டித் திறப்பை விழுங்கிப்போட்டாய்."

அதற்குப் பிறகு மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. அவர் வழக்கமாகவே பேசாத ஆள். ஆனாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

வருடம் பிறந்தபோது ரூத் அம்மாவிடமிருந்து ஒரு அட்டை வந்தது, குரூகரின் பெயருக்கு. "நான் இன்னும் இருக்கிறேன். இடம் இருக்கிறதா?" குரூகர் அதை என் முன்னால் போட்டார். "நீ பதில் எழுது. பூசினவன் நீ."

"இடம் இருக்கிறது" என்று எழுதினேன். என் ஜெர்மனில் அதற்கு மேல் எழுத வராது. வந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த வருடமும் அதே அட்டை. அதே பதில். அந்த வருடம் குரூகர் பென்சனில் போனார்.

இதற்கிடையில் டோர்ட்மண்டில் சாமான் கடை வைத்திருக்கிற சிவம் என்னைப் பிடித்தான். பத்திரிகைப் படத்தில் என் முதுகைப் பார்த்திருக்கிறான்.

"என்ன அண்ணை, யூதருக்குக் கல்லு நட்டுக்கொண்டு திரியிறியளாம். எங்கட சனம் செத்ததுக்கு ஆர் நட்டவை?"

"எத்தினை பேர் செத்தது?"

"என்ன கேள்வி? ஆயிரக்கணக்கிலை."

"பேர் சொல்லு."

"என்ன?"

"ஒரு பத்துப் பேற்ர பேர் சொல்லு. பிறந்த வருஷத்தோட. நான் வெட்டித் தாறன்."

அவன் நான்கு பெயர் சொன்னான். இரண்டு பேருடைய பிறந்த வருடம் தெரியவில்லை. பிறகு பருப்பைக் கட்டித் தந்தான். அவனும் மேடையில் நன்றாகப் பேசுகிறவன்தான்.

மூன்றாம் வருடம் வைகாசியில் லேவி ரீச்சரின் கல் வந்தது. தங்கச்சியின் கடிதத்தைக் காரியாலயம் சான்றாக எடுத்துக்கொண்டதாம். கல்லோடு கோப்புக்காரரும் வந்தார்.

"நடுவிலை உள்ளது இறுகிப்போச்சு எண்டு சொல்லுகினம்" என்றார்.

"ஓம். நீங்கள் சொல்லித்தான் இறுக்கினது."

"அது பாதுகாப்பு விஷயம்." கோப்பை மற்றக் கைக்கு மாற்றினார். "மிசின் வைச்சு வெட்டினால் பக்கத்துத் தகடுகள் போயிடும். ஒண்டு உடைஞ்சாலும் திருப்பிச் செய்ய இரண்டு வருஷம். அதாலை இதை வாசலுக்கு அந்தப் பக்கம் வைப்பம், டிக்கெட் எடுக்கிற மிசினுக்குப் பக்கத்திலை. பன்னிரண்டு மீற்றர்தானே."

"அவ நடுவிலை நிண்டவ."

"கருத்தளவிலை அங்கயும் பொருந்தும்."

கருத்தளவில். இவர்களுக்கு எல்லாம் கருத்தளவில்தான். முழங்கால் மட்டும் எங்களுடையது.

"எனக்கு ஒரு நாள் தாங்கோ. மிசின் வேண்டாம். கையாலை எடுக்கிறன்" என்றேன்.

"ஒரு தகடு உடைஞ்சால் பொறுப்பு உங்கட."

"எழுதித் தாறன்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். நானாக எழுதிக் காரியாலயத்துக்குக் கொடுத்த கடதாசி அது ஒன்றுதான்.

நாள் குறித்தாயிற்று. ரூத் அம்மா வரவில்லை; கண் தெரியாமல் போய்விட்டது, பயணம் ஏலாது. மகள் வந்தாள். கோப்புக்காரருக்கு டெர்மின். துணை மேயருக்குச் சொல்லியே இருக்கவில்லை. வயலின் இல்லை. காலை ஏழு மணிக்கு நான் போனபோது குரூகர் ஒரு மடக்குக் கதிரையோடு அங்கே இருந்தார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

ஆறு தகடுகளுக்கும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி விரித்தேன். அதன் மேல் மரப்பலகை. வெளியிலிருந்து சாந்தை வெட்டினால் உளி பித்தளையில் ஏறும். அதனால் கருங்கல்லை உள்ளிருந்து உடைக்க வேண்டும். நடுவில் வரிசையாக மூன்று துளை, கைத்துளைப்பானால், விரல் நீளம். ஒரு துளைக்கு ஒரு மணித்தியாலம். துளையில் இரும்பு ஆப்பு இறக்கி, மாறி மாறி ஒவ்வொரு அடி. பலமாக அடித்தால் வெடிப்பு பக்கத்துக் கல்லுக்கு ஓடும். மெதுவாக அடித்தால் கல்லுக்குக் கேட்காது.

"இன்னும் ஒண்டு" என்றார் குரூகர். "இடதிலை."

அடித்தேன்.

"ஆர் இந்தச் சாந்தைப் பூசினது?"

"ஒரு முட்டாள், மைஸ்டர்."

"ஓம். எனக்கும் ஆளைத் தெரியும்."

மனேச்சர் வந்து கார் வரிசையைக் காட்டினார். "இன்னும் எத்தினைதான் வைக்கப்போறியள் இதிலை?"

"ஒண்டு" என்றேன்.

பதினொன்றரைக்குக் கல் பிளந்தது. சத்தம் வரவில்லை, மயிர் போல ஒரு கோடு. கோட்டில் ஆப்பை மாற்றி வைத்துப் பாதியைப் பாதியாக்கினேன். துண்டு துண்டாக விரலால் எடுத்தேன். பக்கச் சாந்தைத் துணி சுற்றிய வாள் தகட்டால் அறுத்துச் சுரண்டினேன். மூன்றாம் கல்லின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது, அரிசி நீளம். அது என் கீறல். இன்றும் இருக்கிறது. பெயரில் படவில்லை.

இரண்டு மணிக்குக் குழி வெளித்தது. கல்மணல் போட்டு இடித்தேன். லேவி ரீச்சரை இறக்கினேன். மட்டப்பலகை வைத்தேன். குரூகர் கதிரையிலிருந்து இறங்கி, சத்திரசிகிச்சை செய்த முழங்காலை நிலத்தில் ஊன்றி, கன்னத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி. மணலைக் கூட்டி இடைவெளிக்குள் தள்ளித் தண்ணீர் விட்டேன். சாந்து போடவில்லை.

மகள் தாய்க்கு டெலிபோன் எடுத்து, அதை நடைபாதையில் வைத்தாள்.

"அம்மா, வைச்சாச்சு" என்றாள்.

"எல்லாரும் வந்தவையா?" என்று கேட்டது குரல்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "வேண்டியவை வந்திருக்கினம்."

"வைச்சாச்சு எண்டு முந்தியும் சொன்னவை. பேச்சு வேண்டாம். அந்தக் கல்லுக்காரர் நிக்கிறாரா? தட்டச் சொல்லு. எண்ணச் சொல்லு."

குரூகர் தன் சுத்தியலை நீட்டினார், பிடிப்பக்கம் எனக்கு. நான் இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றாகத் தட்டி, டெலிபோனுக்குக் கேட்க உரத்து எண்ணினேன். மூன்று வரைக்கும் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. நான்காவதைத் தட்டினேன். பித்தளை.

"கிள்ளுவா" என்றது குரல். பிறகு, "நிப்பாட்டாதேங்கோ. முடியுங்கோ."

ஐந்து.

ஆறு.

ஏழு.